இடக்கைக்கு வந்த சுமை

பரந்தனிலிருந்து முல்லைத்தீவு நோக்கிச் செல்லும் ஏ-35 நெடுஞ்சாலையில், விசுவமடு, உடையார்கட்டு ஆகிய ஊர்களைக் கடந்தபின் எதிர்ப்படுவது புதுக்குடியிருப்பு. வயலுக்கும் கடற்கரைக்கும் சந்தைக்கும் பாடசாலைக்கும் இவ்வூர் மக்களைச் சுமந்து செல்பவை பெரும்பாலும் மோட்டார்ச் சைக்கிள்களே. அவற்றை ஓட்டுவோரிடம் அடிக்கடி எழும் முறைப்பாடு ஒன்றுண்டு: "கிளச் இறுகிப் போயிற்று." சிறு குறையாகத் தோன்றும் இதன் பின்னே நூறாண்டுக்கு மேற்பட்ட வரலாறு இருக்கின்றது. மனிதனின் இடக்கை மீது ஏற்றப்பட்ட சுமையின் வரலாறு அது.

கிளச் என்பது யாது? சுழலும் எஞ்சினையும் சில்லையும் வேண்டும்போது இணைத்து, வேண்டாதபோது பிரித்து வைக்கும் உறுப்பே அஃது. உராயும் தட்டுகள் பல ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டிருக்கும். வலிய வில்சுருள்கள் அவற்றை நெருக்கிப் பிடித்திருக்கும். இடக்கைப் பிடியை இழுக்குந்தோறும் அந்த வில்சுருள்களின் பலத்தை ஓட்டுநரின் விரல்களே வெல்ல வேண்டும். எஞ்சின் வலிமை மிகுந்தால் தட்டுகள் வழுக்காதிருக்க வில்சுருளும் வலிமை மிகல் வேண்டும். விரைவுக்கெனச் செய்யப்படும் வண்டிகளிலே பிடி கனப்பதன் முதற் காரணம் இதுவேயாம்.

ஆதியிலே இத்தொல்லை இருக்கவில்லை. ஏனெனில் பல வண்டிகளிலே கிளச்சே இருக்கவில்லை. ஜேர்மனியில் கொட்லீப் டைம்லரும் வில்கெல்ம் மேபாக்கும் 1885 ஆம் ஆண்டு மரச்சட்டத்திற் பெற்றோல் எஞ்சினைப் பூட்டி ஓடவிட்டனர். அதன்பின் வந்த வண்டிகள் பலவற்றில் எஞ்சினும் சில்லும் ஒரே வாரினாற் பிணைக்கப்பட்டிருந்தன. ஓட்டுபவர் வண்டியைத் தள்ளிக்கொண்டு ஓடி, எஞ்சின் உயிர்பெற்றதும் தாவி ஏறுவார். நிறுத்த வேண்டுமாயின் எஞ்சினையே நிறுத்துவார். மேட்டிலே துவிச்சக்கரவண்டி போல மிதிப்பதும் உண்டு. மான் தீவில் 1907 இல் நடந்த முதலாவது ரீ.ரீ. பந்தயத்திலே மிதிகட்டைகளுக்கு இடமிருந்தது. மறு ஆண்டிலே அவை விலக்கப்பட்டன. நெரிசல் மிக்க வீதிகளில் நின்று நின்று செல்ல வேண்டிய தேவை வளரவே, கிளச் இன்றியமையாததாயிற்று.

அதைக் கையால் இயக்க வழிசெய்தது வேறொரு கண்டுபிடிப்பு. ஏர்னஸ்ற் மொனிங்ரன் பௌடன் என்பவர் 1896 இல் பிரித்தானியாவிலே பதிவுரிமை பெற்ற கேபிளே அஃதாகும். வளையும் உறையொன்றினுள்ளே முறுக்குக் கம்பி ஓடுகின்றது. ஒரு முனையில் இழுத்தால் மறுமுனை அசைகின்றது. துவிச்சக்கரவண்டியின் பிரேக்குக்குப் பயன்பட்ட இது, பின்னர் மோட்டார்ச் சைக்கிளின் கிளச்சுக்கும் வந்து சேர்ந்தது. அமெரிக்காவிலோ நெடுங்காலம் கிளச்சைக் காலால் மிதித்து, கியரைக் கையால் மாற்றினர். ஹார்லி-டேவிட்சன் நிறுவனம் தன் பெரிய வண்டிகளிலே 1952 இலேதான் கைக்கிளச்சை ஏற்றது.

சுமையைக் குறைப்பதன்றி அடியோடு நீக்கவே முயன்றது யப்பான். ஹொண்டா நிறுவனம் 1958 இல் வெளியிட்ட சூப்பர் கப் வண்டியிலே கிளச் பிடி கிடையாது. எஞ்சினின் சுழற்சி வேகமே எடைகளை வெளித்தள்ளிக் கிளச்சைப் பற்றுவிக்கும். உணவுக் கடைப் பணியாளர் ஒரு கையிலே தட்டை ஏந்தியபடி ஓட்டத்தக்க வண்டி வேண்டுமென்பது அதன் நோக்கங்களுள் ஒன்று. 2017 இல் அவ்வரிசையின் உற்பத்தி பத்துக் கோடியைத் தாண்டிற்று. அக்குடும்பத்திற் பிறந்து யப்பானிய அஞ்சற் பணிக்கெனச் செய்யப்பட்ட எம்.டி. 90 என்னும் வண்டியே, பின்னாளில் இலங்கையின் வடபகுதியிற் பெரும் புகழ் பெற்றது.

1990 களில் வன்னிக்கு எரிபொருளும் உதிரிப்பாகங்களும் தடைசெய்யப்பட்டிருந்தன. சிறிதளவு பெற்றோல் விட்டு எஞ்சினைச் சூடாக்கி, பின்பு மண்ணெண்ணெயில் ஓட்டுவது வழக்கமாயிற்று. புதிய கேபிள் வாங்க இயலாத அக்காலத்தில், உள்ளதைப் பேணுவதே வழி என்பதை மக்கள் கற்றனர். 2009 இல் போரின் இறுதி மாதங்களிலே மாத்தளன், முள்ளிவாய்க்கால் பக்கமாக ஒதுங்கிய மக்கள் கொண்டுசென்ற வண்டிகள் ஆயிரக்கணக்கில் அங்கேயே கைவிடப்பட்டன. பின்னர் துருவேறிய குவியல்களாகக் காட்சியளித்தன. மெனிக் பாம் முகாம் 2012 செப்ரெம்பரிலே மூடப்பட்டது. திரும்பி வந்தோர் வாழ்வை மீண்டும் தொடங்கியபோது மோட்டார்ச் சைக்கிளும் மீண்டும் வந்தது. ஆனால் இம்முறை வந்தவற்றுட் பல கிளச் பிடியுடைய, வலிமை மிக்க வண்டிகள். போரிலே விரலையோ மணிக்கட்டின் வலுவையோ இழந்தோர் பலர் வாழும் மண்ணிலே, பிடியின் கடுமை வெறும் வசதிக்குறைவன்று. தொழிலுக்குப் போவதா, வீட்டிலிருப்பதா என்னும் வினாவுமாகும்.

இக்கடுமைக்கு எப்போதும் வில்சுருளே குற்றவாளி எனக் கொள்ளலாகாது. கோடையின் புழுதியும் மாரியின் ஈரமும் கடற்காற்றின் உப்பும் கேபிளின் உறைக்குள்ளே புகுந்து துருவை வளர்க்கின்றன. உறை கூர்மையாக வளைந்தால் உராய்வு பெருகும். கேபிளைக் கழற்றிவிட்டுப் பிடியைத் தனியே அசைத்துப் பார்க்க வேண்டும். பிடி அப்போதும் இறுகினால் குறை அதன் ஆணியிலேயே உள்ளது. கேபிளைத் தனியே இழுக்கும்போது இறுகினால் குறை கேபிளிலாகும். இரண்டும் இலகுவாயிருப்பின், எஞ்சின் பக்கத்து நெம்பையும் தட்டுகளையும் வில்சுருள்களையும் ஆராய்தல் வேண்டும். எண்ணெய் ஏற்கும் கேபிளாயின், அதை நிமிர்த்தித் தொங்கவிட்டு, மெல்லிய எண்ணெய் கீழ்முனையில் வடியும்வரை சொட்டுச் சொட்டாக விடலாம். உள்ளே வழுக்குப்பூச்சுடைய கேபிளுக்குத் தயாரிப்பாளரின் அறிவுரையே பிரமாணம். ஓரிழை அறுந்தாலும் கேபிளை மாற்றுவதே நன்று.

பொறியியலாளரும் வாளாவிருக்கவில்லை. எஞ்சினின் முறுக்குவிசையே தட்டுகளை நெருக்க உதவுமாறு சரிவுகள் அமைத்து, மென்மையான வில்சுருளே போதுமாக்கும் கிளச் வகை, 2012 இல் அறிமுகமான கவசாக்கி நிஞ்சா 300 இலும், 2018 இல் இந்தியாவில் வெளிவந்த யமஹா ஆர் 15 இன் மூன்றாம் வடிவிலும் இடம்பெற்றது. அதனாற் பிடி இலகுவாயிற்று.

எறும்பூரக் கல்லுந் தேயும் என்பர். நாளும் பலமுறை உறைக்குள் ஊரும் கம்பியும் அவ்வாறே தேய்கின்றது. யந்திரத்தின் கடுமை கூடும்போது அதன் சுமை முடிவில் ஒரு மனிதனின் கைக்கே வருகின்றது. அச்சுமையைக் குறைக்க அறிஞர் நூறாண்டு உழைத்தனர். எஞ்சிய பங்கு, உரிய காலத்தில் விடப்படும் சில துளி எண்ணெயினுடையது.