எரிந்த கப்பலும் புதைந்த கப்பலும்

ஹிஜ்ரி 309-இல் (கி.பி. 921) அப்பாஸிய கலீஃபா அல்-முக்ததிர், வோல்கா நதிக்கரையை ஆண்ட பல்கர் மன்னரிடம் பக்தாதிலிருந்து ஒரு தூதுக்குழுவை அனுப்பினார். மார்க்கம் கற்பிப்போர் வேண்டும், பள்ளிவாசல் எழுப்ப உதவி வேண்டும் என்று அம்மன்னர் கேட்டிருந்தார். குழுவில் சென்ற அஹ்மது இப்னு ஃபழ்லான், அங்கு வணிகத்துக்கு வந்திருந்த 'ரூஸ்' மக்களைக் கண்டார். வைக்கிங்குகள் என்று இன்று அறியப்படும் வடபுலத்தாரோடு வரலாற்றாசிரியர் பலர் இவர்களை இணைக்கின்றனர்.

இறந்த தம் தலைவரை அவர்கள் கப்பலோடு எரித்ததை இப்னு ஃபழ்லான் நேரில் பார்த்தார். ஓர் அடிமைப் பெண்ணையும் கொன்று அதில் கிடத்திய கொடுமையை மறைக்காமல் எழுதினார். சிறிது நேரத்தில் யாவும் சாம்பலாயின. அக்கப்பலை எந்த அருங்காட்சியகத்திலும் காண இயலாது; அவருடைய எழுத்தில் மட்டுமே அது எஞ்சியுள்ளது. அவ்வெழுத்தின் விரிவான கையெழுத்துப் பிரதியும் 1923-இல்தான் ஈரானின் மஷ்ஹத் நகரில் கண்டறியப்பட்டது.

அம்மக்கள் எல்லாக் கப்பல்களையும் எரித்துவிடவில்லை. நார்வேயின் ஓசபர்க்கில் கி.பி. 834-இல் இரு பெண்களை ஒரு கப்பலில் வைத்து மண்மேடு எழுப்பினர். காற்றுப் புகாத களிமண் மரத்தைக் காத்தது. 1904-இல் தோண்டியபோது ஏறக்குறைய 21 மீட்டர் நீளமுள்ள ஓக் மரக் கப்பலும், செதுக்கு வேலைப்பாடு மிக்க சறுக்குவண்டிகளும், ஒரு நான்கு சக்கர வண்டியும் வெளிப்பட்டன.

காஃபிர்களின் புதைகுழிப் பொருட்களைப் படித்து நமக்கென்ன பயன் என்று பிள்ளைகள் கேட்பதுண்டு. முன்சென்ற சமூகங்களின் சுவடுகளைப் பார்த்துச் சிந்திக்கும்படி குர்ஆன் நம்மைப் பலமுறை அழைக்கிறதே!

கப்பலின் ஓக் பலகைகள் உறுதியாக இருந்தன. அவற்றை மெல்ல உலர்த்தி, எண்ணெய் பூசி, மீண்டும் கப்பலாகப் பொருத்தினர். வேறு சில மரப் பொருட்களோ உலர்ந்தால் சுருங்கிவிடும். ஆகவே அவற்றைக் கொதிக்கும் படிகாரக் கரைசலில் இட்டனர். அக்காலத்தில் அதுவே சிறந்த முறையாகக் கருதப்பட்டது. செய்தவர்களை நாம் குறைகூற மாட்டோம். ஆனால் அந்தப் படிகாரச் சிகிச்சை மரத்தினுள் கந்தக அமிலத்தை உண்டாக்கியது. நூறாண்டுகளாக அவ்வமிலம் மரத்தை அரித்துவந்தது. வெளியே வேலைப்பாடு அழகாகத் தெரியும். உள்ளே மரம் உளுத்திருக்கும்.

1,000 ஆண்டுகளுக்கு மேல் மண்ணுக்குள் நிலைத்த பொருள், மனிதப் பராமரிப்பில் 100 ஆண்டுகளில் நொறுங்கும் நிலைக்கு வந்தது. 2014 முதல் ஓஸ்லோ ஆய்வாளர்கள் இதற்கு மாற்று தேடினர். கப்பல்கள் நின்ற பழைய கட்டடம் 2022-இல் விரிவாக்கத்திற்காக மூடப்பட்டது. அமிலம் தின்ற மரம் மட்டும் திரும்ப வராது. எஞ்சியதைத் தாங்கிப் பிடிக்கும் ஒரு பொருளையே அவர்கள் தேடுகின்றனர். அதுவும் இன்னொரு படிகாரமாகிவிடக் கூடாதே என்ற அச்சத்தோடு.