பெயர் பிழைத்தால் மருந்தும் பிழைக்கும்: தென்னைச் சிலந்திப்பேனும் அதன் பகைவனும்

தென்காசியிலிருந்து மேற்கே மலையடிவாரத்தை நோக்கிச் சென்றால் பண்பொழி, வடகரை, மேக்கரை எனத் தென்னந்தோப்புகள் தொடர்ந்து வருகின்றன. அங்கே உதிர்ந்து கிடக்கும் குரும்பை ஒன்றை எடுத்துப் பாருங்கள். காம்பருகே தொப்பி போல் கவிந்துள்ள இதழ்களுக்குக் கீழே பழுப்பு நிறத்தில் முக்கோண வடு தெரிந்தால், அது ஈரியோபைட் சிலந்திப்பேனின் கைவரிசை. மலைக்கு அப்பால் கேரளத்தில் இதனை 'மண்டரி' என்பார்கள்.

இந்தச் சிலந்திப்பேன் ஒரு மில்லிமீட்டரில் கால் பங்கு நீளமே உள்ளது. புழு போன்ற உடலும் நான்கே கால்களும் கொண்டது. இதழ்களின் அடியில் பல்லாயிரமாகப் பெருகி, இளந்திசுவின் சாற்றை உறிஞ்சுகிறது. தாக்கப்பட்ட காய்கள் சிறுத்துப் போகின்றன. மட்டை இறுகி, உரிப்பதும் கடினமாகிறது.

மெக்சிகோ நாட்டின் குவரேரோ மாநிலத்தில் கிடைத்த மாதிரிகளைக் கொண்டு, 1965-இல் கீஃபர் என்னும் அமெரிக்க அறிஞர் இதனை விவரித்து 'அசேரியா குவரேரோனிஸ்' எனப் பெயரிட்டார். 1997-ஆம் ஆண்டின் இறுதியில் இலங்கையின் கற்பிட்டியில் இது காணப்பட்டது. 1998-இல் கேரளத்தின் எர்ணாகுளம் மாவட்டத்தில் தென்பட்டது. காற்று இதைச் சுமந்து செல்லும். ஆகவே சில ஆண்டுகளுக்குள் தமிழகத் தோப்புகளிலும் பரவிவிட்டது.

மருந்து தெளித்து அழிக்கலாமே என்று கேட்கத் தோன்றும். ஆனால் பூச்சி ஒளிந்திருப்பதோ இறுகிய இதழ்களுக்கு அடியில். மரமோ பல அடி உயரம். எனவே அந்த இடுக்கிற்குள் தானே நுழைந்து வேட்டையாடும் உயிர் ஒன்று உண்டா என்று அறிஞர்கள் தேடினர். உண்டு! அதுவும் ஒரு சிலந்திப்பேன்தான். எட்டுக் கால்களும் தட்டையான, நீண்ட உடலும் கொண்ட அது, ஃபைட்டோசீயிடே என்னும் குடும்பத்தைச் சேர்ந்தது. இக்குடும்பத்தில் 2,000-க்கும் மேற்பட்ட இனங்கள் அறியப்பட்டுள்ளன.

இங்கேதான் வகைப்பாட்டின் சிக்கல் தொடங்குகிறது. இவ்வினங்களை வெறுங்கண்ணால் பிரித்தறிய இயலாது. உடலைக் கண்ணாடிச் சில்லில் பதித்து, நுண்ணோக்கியின் கீழ் முதுகுக் கவசத்தில் உள்ள மயிர்களின் இடத்தையும் நீளத்தையும் அளக்க வேண்டும். பெண் உயிரியின் விந்துப்பையின் வடிவம், கொடுக்குப் போன்ற வாயுறுப்பின் பற்கள் ஆகியவற்றையும் ஆராய வேண்டும். இந்தியாவில் இக்குடும்பத்தைப் பற்றிய தொகுப்பு நூல் ஒன்றை எஸ். கே. குப்தா எழுத, இந்திய விலங்கியல் ஆய்வுத் துறை 1986-இல் வெளியிட்டது.

இலங்கையில் தென்னைச் சிலந்திப்பேனைத் தின்னும் இனம் கண்டறியப்பட்டபோது, அதனை 'நியோசீயுலஸ் பாஸ்பலிவோரஸ்' என்னும் இனத்துக்கு நெருங்கியது என்றே முதலில் குறித்தனர். பாஸ்பலம் என்னும் புல்லின் பெயரால் டி லியோன் 1957-இல் விவரித்த இனம் அது. மேலும் ஆராய்ந்த பின், 2004-இல், இலங்கை உயிரி வேறோர் இனம் எனத் தெளிவாயிற்று. அல்ஜீரிய மாதிரிகளைக் கொண்டு அத்தியாஸ்-ஹென்றியோ 1966-இல் பெயரிட்ட 'பராக்கி' இனமே அது. அவர் இதனை ஆம்ப்ளிசீயஸ் பேரினத்தில் வைத்தார். பின்னர் நியோசீயுலஸுக்கு மாற்றப்பட்டது.

அல்ஜீரியாவில் பெயர் பெற்ற உயிர் இலங்கையிலும் தென்னிந்தியாவிலும் எப்படி வாழ்கிறது? இது புல்லினங்களிலும் காணப்படுகிறது. புல்லின் இலையுறைக்குள் ஊர்ந்து வாழ ஏற்ற தட்டையான உடலே, தேங்காய் இதழின் இடுக்கில் நுழையவும் கைகொடுத்தது எனக் கருதலாம். பகை புதிதாக வந்தது. பகைவனோ இங்கேயே காத்திருந்தான் எனலாம்.

கதை இத்துடன் முடியவில்லை. பிரேசில், பெனின், தான்சானியா ஆகிய நாடுகளில் 'பராக்கி' என்று குறிக்கப்பட்ட உயிரிகளை ஒப்பிட்ட ஆய்வு ஒன்று 2012-இல் வெளியாயிற்று. பெனின் நாட்டு உயிரிகள் உடலளவுகளிலும் டி.என்.ஏ. அமைப்பிலும் மற்றவற்றிலிருந்து வேறுபட்டன. வெவ்வேறு நாட்டு உயிரிகளைக் கலந்து வளர்த்தபோது இனக்கலப்பு வெற்றி பெறவில்லை. ஒரே பெயருக்குள் ஒன்றுக்கு மேற்பட்ட இனங்கள் மறைந்திருக்கக்கூடும் என்பதே இதன் பொருள்.

பெயரில் என்ன இருக்கிறது என்று எண்ணிவிட வேண்டாம். ஓரிடத்தில் பயன் தந்த இனத்தை வேறோர் இடத்துக்குக் கொண்டுசெல்ல வேண்டுமானால், அது எந்த இனம் என்று உறுதியாகத் தெரிந்திருக்க வேண்டும். இனம் மாறினால் இரையும் மாறலாம், தாங்கும் வெப்பமும் மாறலாம். இலங்கைத் தென்னை ஆராய்ச்சி நிலையம் பராக்கியைப் பெருமளவில் வளர்த்துத் தோப்புகளில் விட்டது. இருப்பினும் இது முழுத் தீர்வு ஆகிவிடாது. இளங்குரும்பையின் இறுகிய இடுக்கில் சிறிய பகைப்பேன் முதலில் நுழைந்துவிடுகிறது. உருவில் பெரிய பராக்கி இடைவெளி சற்று அகன்ற பிறகே உள்ளே செல்ல முடிகிறது.

அடுத்த முறை தென்னந்தோப்புக்குச் சென்றால், வடுப்பட்ட குரும்பையின் இதழை மெல்லப் பிரித்து, நல்ல உருப்பெருக்குக் கண்ணாடியால் நோக்குங்கள். வெண்பொடி போன்ற கூட்டத்தின் நடுவே சற்றுப் பெரிதாய் ஒன்று விரைந்து ஓடினால், அது உழவரின் நண்பனாக இருக்கக்கூடும். கண்டபடி நஞ்சு தெளித்தால் அந்த நண்பனும் மாண்டுபோவான் என்பதை மறவாதீர்கள்.