பிரஜையைத் தொடரும் வரி

நாடு விட்டு நாடு போனவனிடம் வரி கேட்கும் உரிமை யாருக்கு உண்டு? பெரும்பாலான நாடுகள் இக்கேள்வியை வதிவிடத்தை வைத்தே தீர்த்துக்கொண்டன. நான் வேலைசெய்யும் தொழிற்சாலையில் எனது சம்பளத்திலிருந்து அவுஸ்திரேலிய வரி கழிக்கப்படுகிறது. நான் பிரஜையா என்பதல்ல, இங்கு வாழ்கிறேனா என்பதே கணக்கு. அமெரிக்காவின் வழி வேறு. அதன் பிரஜை குவேக்கர்ஸ் ஹில்லில் கடை வைத்திருந்தாலென்ன, என் பக்கத்து இயந்திரத்தில் நின்றாலென்ன, வருமானம் குறித்த எல்லையைத் தாண்டினால் அமெரிக்காவுக்கும் ஆண்டுதோறும் கணக்குக் காட்ட வேண்டும்.

இதன் வேர் உள்நாட்டுப் போரில் இருக்கிறது. 1861 இல் வந்த முதலாவது வருமான வரிச் சட்டம் 800 டொலருக்கு மேற்பட்ட வருமானத்துக்கு 3 வீதம் விதித்தது. வெளிநாட்டில் வாழ்ந்த பிரஜைகள் அமெரிக்கச் சொத்துகளிலிருந்து பெற்ற வருமானத்துக்கோ 5 வீதம். 1864 இல் அவர்கள் எங்கு ஈட்டிய வருமானமும் வரிக்குட்பட்டது. உள்ளே இருப்பவன் போரைச் சுமக்க, வசதி படைத்தவன் ஐரோப்பாவில் சுகமாக இருக்கிறான் என்ற கோபம் இதன் பின்னால் இருந்தது. 1872 இல் மறைந்த வருமான வரி 1913 இல் மீண்டும் வந்தது.

மெக்சிக்கோ நகரில் குடியிருந்த குக் என்ற அமெரிக்கர் இவ்வரியை எதிர்த்து வழக்காடினார். 1924 இல் உச்சநீதிமன்றம் அவருக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. பிரஜை எங்கிருந்தாலும் அவனது அரசு அவனுக்கு நன்மை செய்கிறது, ஆகவே வரி கேட்கலாம் என்பதே அதன் நியாயம். 1926 இல் வெளிநாட்டு உழைப்புக்கு விலக்கு வந்தது. வெளிநாட்டில் கட்டிய வரிக்கும் கழிவு உண்டு. ஆனால் 2010 இல் வந்த சட்டம், அமெரிக்கப் பிரஜைகளின் கணக்குகளை அறிவிக்கும்படி வெளிநாட்டு வங்கிகளை நெருக்கியது.

இந்த நியாயத்தை அகதியின் பக்கம் திருப்பிப் பார்ப்போம். அரசின் பாதுகாப்பு இல்லாமற் போனதனாலேயே ஒருவன் அகதியாகிறான். எரித்திரியா 1990களிலிருந்து வெளிநாட்டிலுள்ள தன் மக்களிடம் 2 வீதம் கேட்டுவந்தது. அந்த ஆட்சிக்குத் தப்பி ஓடியவர்களும் இதற்கு விலக்கல்லர். 2011 இல் ஐ.நா. பாதுகாப்புச் சபை, இப்பணம் பிராந்தியத்தைக் குழப்பப் பயன்படுவதைக் கண்டித்தது.

அரசு அல்லாத அமைப்பும் அரசைப் போல் வரி கேட்கலாம் என்பது எமக்குத் தெரியாததல்ல. ரொறன்ரோவிலும் லண்டனிலும் விடுதலைப் புலிகளுக்காகப் பணம் திரட்டப்பட்ட முறையை மனித உரிமைகள் கண்காணிப்பகம் 2006 இல் அறிக்கையாக வெளியிட்டது. கனடாவில் குடும்பங்களிடம் 2,500 முதல் 5,000 டொலர் வரை கேட்கப்பட்டதாக அது கூறிற்று. மனமுவந்து கொடுத்தவர்கள் பலர். பயந்து கொடுத்தவர்களும் இருந்தனர். இரண்டையும் 'பங்களிப்பு' என்ற ஒரே சொல்லால் மூடிவிட்டோம்.

குக் தோற்றார். ஆனால் அவருக்கு முறையிட ஒரு மன்றம் இருந்தது. தோற்றதற்கான காரணமும் எழுத்தில் கிடைத்தது. எம்மவருக்கு அந்த இரண்டும் இருக்கவில்லை. நாளை எவர் எமது பெயரால் நிதி கேட்டாலும், எவ்வளவு என்று கேட்பதற்கு முன்னர் நாம் கேட்க வேண்டியவை இரண்டு: கணக்கு யாருக்குக் காட்டப்படும்? மறுப்பவன் எங்கே முறையிடுவான்?