கேள்வி கேட்குற டீம் வேணுமா? வேப்பலோடை சிப்பிகள் சொல்லும் பாடம்!

"அண்ணாச்சி, ட்ரெய்லர் நம்பரை கேட்லயும் எழுதுதோம், யார்டுலயும் எழுதுதோம். எதுக்கு ரெண்டு தடவை?"

தூத்துக்குடி துறைமுகத்தை ஒட்டிய ஒரு கன்டெய்னர் யார்டில், வேலைக்குச் சேர்ந்து ரெண்டே வாரமான பையன் இப்படிக் கேட்கிறான் என்று வைத்துக்கொள்வோம். சூப்பர்வைசர் ரெண்டு விதமாகப் பதில் சொல்லலாம். "சொன்ன வேலையப் பாருல" என்பது ஒன்று. "எனக்கும் தெரியல. ஒரு வாரம் கவனிச்சுட்டு வந்து சொல்லு" என்பது இன்னொன்று. முதல் பதிலால் அன்றைய வேலை எதுவும் கெட்டுப்போகாது. ஆனால், அந்தப் பையன் அடுத்த கேள்வியைக் கேட்க மாட்டான். பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்த நாலு பேரும்தான்!

'தயங்காமல் கேளுங்கள்' என்று சுவரில் போஸ்டர் ஒட்டுகிற ஆபீஸ்கள் உண்டு. போஸ்டரைப் பார்த்து யாரும் கேள்வி கேட்டு நான் பார்த்ததில்லை. போன தடவை கேட்டவனுக்கு என்ன நடந்தது என்பதைத்தான் எல்லோரும் பார்ப்பார்கள்.

கேள்விக்கு இடம் கொடுத்தால் என்ன கிடைக்கும் என்பதற்கு இதே கடற்கரையில் ஒரு கதை இருக்கிறது. தூத்துக்குடியில் கடைசியாக முத்துக்குளிப்பு நடந்தது 1961-ல். அதன்பிறகு பார்களில் (கடலுக்கடியில் சிப்பி படிந்திருக்கும் திட்டுகளை இங்கே 'பார்' என்பார்கள்) குளிக்கிற அளவுக்குச் சிப்பி இல்லை. 'சிப்பி வரட்டும், பார்த்துக்கலாம்' என்று சும்மா இருந்திருக்கலாம். மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தில் டாக்டர் கே.அழகர்சாமி தலைமையிலான குழு கேள்வியையே மாற்றிப்போட்டது. கடல் தருகிற முத்துக்குக் காத்திருப்பதற்குப் பதிலாக, சிப்பிக்குள் நாமே முத்தை விளைவித்தால் என்ன?

ஜப்பான்காரர்கள் அதை எப்போதோ செய்துவிட்டார்கள். ஆனால், நுணுக்கத்தை வெளியே விடவில்லை. அதனால் தூத்துக்குடிக்கு வடக்கே உள்ள வேப்பலோடையில் 1972-ல் வேலை தொடங்கியது. ஒரு சிப்பியின் ஓட்டைச் சுரக்கும் மெல்லிய திசுவைத் துண்டு துண்டாக நறுக்கி, ஒரு துண்டையும் ஓட்டில் கடைந்த சிறு மணியையும் இன்னொரு சிப்பியின் உடலுக்குள் வைக்க வேண்டும். சிப்பி செத்துப்போகலாம், மணியை வெளியே தள்ளிவிடலாம், முத்து கோணல்மாணலாக விளையலாம். எது நடந்தது என்பது பல வாரம், சில நேரம் மாசக்கணக்கு கழித்துத்தான் தெரியும். தினமும் 'ரிசல்ட் எங்கே?' என்று கேட்கும் தலைமைக்குக் கீழே இந்த வேலை நடக்காது.

1973 ஜூலையில் உருண்டையான முத்து கிடைத்தது. உடனே அடுத்த சிக்கல். பார்களில் சிப்பியே குறைவு, மணியை எதில் வைப்பது? அந்தக் கேள்வி 1981-ல் குஞ்சுப்பொரிப்பகத்திலேயே சிப்பிக் குஞ்சுகளை உருவாக்குவதில் போய் நின்றது. ஜப்பான் அளவுக்கு இங்கே முத்து வளர்ப்பு பெரிய தொழிலாகவில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

'எங்க ஆபீஸ் என்ன ஆராய்ச்சிக்கூடமா, இதுக்கெல்லாம் நேரம் எங்கே?' என்று கேட்கலாம். அதற்கும் பழைய முத்துக்குளிப்பிலேயே வழி இருக்கிறது. குளிப்பை அறிவிக்கும் முன் பார்களுக்குப் படகு அனுப்பி, கொஞ்சம் சிப்பியை மட்டும் எடுத்துவரச் செய்வார்கள். அதைத் திறந்து, கிடைத்த முத்தை மதிப்பிட்டு, கட்டுப்படியானால்தான் குளிப்பு. உங்கள் டீமில் ஒருவர் புது யோசனை சொன்னால் முழு யார்டையும் மாற்ற வேண்டியதில்லை. ஒரு ஷிப்ட், ஒரு கேட், ஒரு வாரம். சரிவரவில்லை என்றால் ஏன் வரவில்லை என்று அவரிடமே சொல்லிவிடுங்கள். பதிலே வராத கேள்விதான் ஆளைச் சோர்ந்துபோக வைக்கும்.

தப்பை ஒப்புக்கொள்வதும் இதில் சேர்த்திதான். ஹார்வர்டு பேராசிரியர் எமி எட்மண்ட்சன் 1990-களில் மருத்துவமனை நர்ஸ் குழுக்களை ஆராய்ந்தபோது, நல்ல தலைமை உள்ள குழுக்களில்தான் மருந்துத் தவறுகள் அதிகம் பதிவாகியிருந்தன. அங்கே தப்பு கூடுதலாக நடந்தது என்பதில்லை. பயமில்லாமல் வெளியே சொன்னார்கள். 'இது எப்படி நடந்துச்சு?' என்று கேட்கும் லீடரிடம் உண்மை வரும். 'யார் செஞ்சது?' என்று ஆரம்பித்தால் வராது.

ஒரு எல்லையும் உண்டு. கிரேன் பெட்டியைத் தூக்கிக்கொண்டிருக்கும்போது விவாதம் வேண்டாம். அப்போது யாராக இருந்தாலும் 'நிறுத்து' என்று கத்தலாம், கேள்வியெல்லாம் பெட்டி தரைக்கு வந்தபிறகு. அதற்கென்று ஷிப்ட் முடிவில் பத்து நிமிஷம் ஒதுக்குங்கள். சீனியர்கள் முதலில் பேசினால் புதுசுகள் வாயைத் திறக்காது, அதனால் புதியவர்களை முதலில் பேச விடுங்கள்.

அந்த யார்டு பையன் ஒரு வாரம் கழித்து வருகிறான். "அண்ணாச்சி, கேட்ல எழுதுறது வண்டி எப்ப வந்துச்சுன்னு தெரிய. யார்டுல எழுதுறது பெட்டி எங்க இருக்குன்னு தெரிய. ரெண்டும் வேணும்தான். ஆனா, யார்டு நோட்டுல நேரத்தையும் எதுக்கு எழுதுதோம்?"