வீட்டுக் கணினியில் சொல்தேடல்: நூலக அட்டையிலிருந்து கேசட் நாடா வரை

முன்னுரை

1980களின் தொடக்கத்தில் பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் வீடுகளுக்குள் நுழைந்த நுண்கணினிகளின் வரலாறு, பெரும்பாலும் விளையாட்டு மென்பொருள்களின் வரலாறாகவும் பேசிக் மொழியில் நிரல் எழுதக் கற்ற இளைஞர்களின் வரலாறாகவுமே எழுதப்பட்டு வந்துள்ளது. அதே கணினிகளில் முகவரிகளையும் இசைத்தட்டுப் பட்டியல்களையும் சமையல் குறிப்புகளையும் பதிந்து வைத்து, வேண்டிய சொல்லைத் தட்டச்சு செய்து தேடியெடுக்க உதவிய எளிய தரவுத்தள நிரல்கள் அந்த அளவுக்குக் கவனம் பெறவில்லை. தரவுத்தளம் என்பது ஒரே அமைப்புடைய பதிவுகளின் தொகுப்பு. ஒவ்வொரு பதிவும் பெயர், ஊர், ஆண்டு போன்ற புலங்களாகப் பிரிக்கப்பட்டிருக்கும். நூலகங்களும் பெருங்கணினிகளும் பெருமுயற்சியுடன் உருவாக்கிய சொல்லடைவு இல்லாமலேயே வீட்டுக் கணினி சொல்தேடலைச் சாத்தியமாக்கியது என்பதையும், அதற்கு அதன் நினைவகத்தின் சிறுமையே துணைநின்றது என்பதையும் இக்கட்டுரை நிறுவ முயல்கிறது.

அட்டையும் குறிச்சொல்லும்

நூலக அட்டைப் பட்டியலின் அடிப்படைக் குறை, ஓர் அட்டையை ஓர் இடத்தில்தான் வைக்க முடியும் என்பதாகும். ஆசிரியர் பெயரால் அடுக்கிய அட்டைகளில் பொருள்வழித் தேட இயலாது. இரண்டு வழிகளிலும் தேட வேண்டுமெனில் அட்டையைப் படியெடுத்து இரு பெட்டிகளில் வைக்க வேண்டும். சீர்காழியில் பிறந்து சென்னைப் பல்கலைக்கழக நூலகராகப் பணியாற்றிய எஸ். ஆர். இரங்கநாதன் 1933இல் வெளியிட்ட கோலன் பகுப்பு முறை, ஒரு நூலின் பொருளைப் பல முகங்களாகப் பகுத்து அவற்றை மீண்டும் இணைத்துக் குறித்ததன் மூலம் இக்குறையை அணுகியது. 1950களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் மார்ட்டிமர் டாப் உருவாக்கிய யூனிடெர்ம் முறையோ இணைக்கும் வேலையைத் தேடும் நேரத்துக்குத் தள்ளி வைத்தது. அம்முறையில் ஒவ்வொரு சொல்லுக்கும் ஓர் அட்டை உண்டு. அச்சொல் பொருந்தும் ஆவணங்களின் எண்கள், அவற்றின் கடைசி இலக்கத்தின்படி பத்துப் பத்திகளில் எழுதப்பட்டிருக்கும். இரு சொற்களுக்கும் பொருந்தும் ஆவணத்தை அறிய விரும்புபவர் இரண்டு அட்டைகளையும் அருகருகே வைத்து, இரண்டிலும் காணப்படும் எண்களைக் குறித்துக்கொண்டால் போதும்.

பெருங்கணினியில் சொல்லடைவு

ஐபிஎம் நிறுவனத்தின் ஹான்ஸ் பீட்டர் லூன் 1950களின் இறுதியில் சொற்களைத் தொகுத்து அடுக்கும் பணியைக் கணினியிடம் ஒப்படைத்தார். கட்டுரைத் தலைப்புகளில் உள்ள முக்கியச் சொற்கள் ஒவ்வொன்றையும் அதன் சூழலோடு அகரவரிசையில் அச்சிட்டுத் தரும் முறையை அவர் வகுத்தார். அடுத்து வந்த பெருங்கணினி அமைப்புகள், எந்தச் சொல் எந்தெந்த ஆவணங்களில் வருகிறது என்னும் பட்டியலை, அதாவது தலைகீழ்ச் சொல்லடைவை, முன்கூட்டியே தயாரித்து வைத்துக்கொண்டன. லாக்ஹீட் நிறுவனத்தில் ரோஜர் சம்மிட் உருவாக்கிய டயலாக் சேவை 1972இல் வணிகமுறையில் தொடங்கியபோது, தொலைபேசி இணைப்பு வழியாகத் தொலைவிலிருந்தே சொல்லைக் கொடுத்துத் தேட முடிந்தது. ஆயினும் இணைப்பு நேரத்துக்குக் கட்டணம் உண்டு என்பதாலும், கட்டளைகளைப் பயின்ற நூலகரே தேட வேண்டியிருந்ததாலும், சொல்தேடல் நிறுவனங்களின் கருவியாகவே இருந்து வந்தது.

வீட்டுக் கணினியும் அதன் நிரல்களும்

ஆப்பிள் 2 கணினிக்காக ஜான் பேஜ் எழுதி, சாஃப்ட்வேர் பப்ளிஷிங் கார்ப்பரேஷன் 1980இல் வெளியிட்ட பிஎஃப்எஸ் நிரல் இந்நிலையை மாற்றிய முன்னோடிகளுள் ஒன்றாகும். பயனர் திரையில் ஒரு படிவத்தை வரைந்துகொள்வார். தேடும்போது அதே படிவம் வெறுமையாகத் தோன்றும். எந்தப் புலத்தில் எந்தச் சொல் இருக்க வேண்டுமோ அதை அங்கே எழுதினால் பொருந்தும் பதிவுகள் வந்துசேரும். சொல்லின் இருபுறமும் இரண்டிரண்டு புள்ளிகள் இட்டால், அச்சொல் புலத்தின் எப்பகுதியில் இருந்தாலும் கண்டறியப்படும்.

பிரிட்டனில் சையான் நிறுவனம் எழுதி சின்கிளேர் நிறுவனத்தின் பெயரில் விற்பனையான வியூ-ஃபைல், இவ்வசதியை மிகமலிவான கணினிகளுக்குக் கொண்டுவந்தது. அது இயங்கிய இசட்எக்ஸ் ஸ்பெக்ட்ரம் 1982 ஏப்ரலில் 16 கிலோபைட் நினைவகத்துடன் 125 பவுண்டுக்கும், 48 கிலோபைட் நினைவகத்துடன் 175 பவுண்டுக்கும் அறிமுகமானது. வட்டு இயக்கி இல்லாத அக்கணினியில் நிரலும் தரவும் சாதாரண கேசட் நாடாவில் ஒலியாகப் பதியப்பட்டன. வினாடிக்கு ஏறத்தாழ 1,500 பிட் வேகத்தில் 40 கிலோபைட் கோப்பு நாடாவிலிருந்து நினைவகத்தை அடைய நான்கு நிமிடம் வரை ஆயிற்று. நாடாவின் இடையில் உள்ள ஒரு பதிவை மட்டும் தனியே எடுக்க வழியில்லாததால், கோப்பு முழுவதையும் முதலில் நினைவகத்துக்குள் ஏற்றியாக வேண்டும்.

தேடல் நடைபெற்ற முறை

குறையாகத் தோன்றும் இக்கட்டாயமே தேடலுக்கு வேகம் தந்தது. 48 கிலோபைட் நினைவகத்தில் திரைக்கு மட்டும் 6,912 பைட் ஒதுக்கப்பட்டு, நிரலுக்கும் இடம் போக, தரவுக்கு 30,000 பைட் எஞ்சுவதாகக் கொள்ளலாம். பதிவு ஒன்றுக்கு 100 எழுத்து எனில் 300 பதிவுகள் அதில் அடங்கும். ஸ்பெக்ட்ரத்தின் மூளையான இசட்80 நுண்செயலியில், குறித்த ஓர் எழுத்து கிடைக்கும்வரை நினைவகத்தைப் பைட் பைட்டாக ஒப்பிட்டுச் செல்லும் சிபிஐஆர் என்னும் கட்டளை இருந்தது. ஒரு பைட்டை ஒப்பிட அதற்கு 21 கடிகாரத் துடிப்புகள் போதும்; நுண்செயலி வினாடிக்கு 35 லட்சம் துடிப்புகளில் இயங்கியதால், 30,000 பைட்டையும் ஒருமுறை துழாவிவர ஏறத்தாழ ஐந்தில் ஒரு வினாடியே தேவைப்படும். இவ்வளவு விரைவாக முதலிலிருந்து கடைசிவரை படித்துவிட முடிந்த நிலையில், சொல்லடைவைத் தயாரிப்பதும் அதற்கு நினைவகத்தில் இடம் ஒதுக்குவதும் வீண்செலவாகவே இருந்திருக்கும்.

இவ்வேகம் நுண்செயலியின் சொந்த மொழியில் எழுதிய நிரலுக்கே உரியது. சின்கிளேர் பேசிக்கில் ஓர் எழுத்துத்தொடருக்குள் மற்றோர் எழுத்துத்தொடரைத் தேடும் தனிக் கட்டளை இல்லை. ஆகவே அம்மொழியில் தேடல் நிரல் எழுதியவர், பதிவின் முதல் எழுத்திலிருந்து தொடங்கி ஒவ்வோர் இடத்திலும் ஒரு துண்டை வெட்டியெடுத்து ஒப்பிடும் சுழற்சியை அமைக்க வேண்டியிருந்தது. முந்நூறு பதிவுகளுக்கு அது பல நிமிடங்கள் நீளும். விலைகொடுத்து வாங்கிய தரவுத்தள நிரலுக்கும் பயனர் தாமே எழுதிய நிரலுக்கும் இருந்த வேறுபாடு முதன்மையாக இதுவேயாகும்.

வரம்புகள்

எழுத்துக்கு எழுத்து ஒப்பிடும் தேடல் பொருளை அறியாது. ஆங்கிலத்தில் கலையைக் குறிக்கும் மூன்றெழுத்துச் சொல்லைத் தேடினால், அதே எழுத்துகளைத் தன்னுள் கொண்ட 'பார்ட்டி' என்ற சொல்லும் சேர்ந்தே வரும். சுருக்கமாகவோ பிழையாகவோ பதிந்த சொல் வராமலே போகும். ஆகவே ஊர்ப் பெயர்களையும் வகைப் பெயர்களையும் எப்போதும் ஒரே வடிவில் எழுதும் ஒழுங்கு பயனருக்குத் தேவைப்பட்டது; நூலகர் காத்துவந்த பட்டியல் ஒழுங்கு இங்கே வீட்டாரின் பொறுப்பாக மாறியது.

இவ்வரம்பு சிறுகணினிக்கு மட்டும் உரியதன்று. டேவிட் பிளேர், எம். இ. மாரன் ஆகியோர் ஐபிஎம்மின் ஸ்டேர்ஸ் என்னும் முழுவுரைத் தேடல் அமைப்பை ஏறத்தாழ 40,000 சட்ட ஆவணங்களைக் கொண்டு ஆராய்ந்து 1985இல் வெளியிட்ட ஆய்வில், வேண்டிய ஆவணங்களில் முக்கால் பங்கு கிடைத்துவிட்டதாக வழக்கறிஞர்கள் நம்பியபோது உண்மையில் ஐந்தில் ஒரு பங்கே கிடைத்திருந்தது தெரியவந்தது. ஒரே நிகழ்ச்சியைப் பலர் பல சொற்களால் எழுதியிருந்ததே இதற்குக் காரணம். வீட்டுக் கோப்பிலோ எழுதியவரும் தேடியவரும் ஒருவரே. பதிந்த சொல் அவர் நினைவிலிருந்தது. சில நூறு பதிவுகளில் விடுபட்டதைக் கண்ணால் பார்த்தும் அறிய முடிந்தது. பெருந்தொகுப்பில் தோற்ற முறை சிறுதொகுப்பில் வென்றதற்கு இவையே அடிப்படை.

முடிவுரை

சையான் நிறுவனம் 1984இல் வெளியிட்ட ஆர்கனைசர் என்னும் கைக்கணினி, பதிதல், தேடுதல் ஆகிய இரண்டையும் தன் முதன்மைச் செயல்களாகக் கொண்டு இதே முறையைச் சட்டைப்பைக்குக் கொண்டுசென்றது. பதிவில் எங்கேனும் இருக்கும் சில எழுத்துகளைக் கொடுத்தாலே பதிவு கிடைத்துவிடும் என்ற பழக்கம் இவ்வாறு நூலகத்துக்கு வெளியே வேரூன்றியது. எங்கே வைத்தோம் என்பதை நினைவில் கொள்ளத் தேவையில்லை, என்ன எழுதினோம் என்பது நினைவிருந்தால் போதும் என்ற மாற்றத்தை, கணினித்துறைப் பயிற்சி எதுவுமில்லாத மக்களுக்கு முதலில் கற்பித்தவை கேசட் நாடாவில் வந்த இந்நிரல்களே. தகவல் தேடலின் வரலாற்றை ஆய்வுக்கூடங்களையும் பெருங்கணினிகளையும் மட்டும் கொண்டு எழுதுவது முழுமையாகாது. வியூ-ஃபைல் போன்ற நிரல்களுக்கு அதில் தனி அதிகாரம் அமைவதே பொருத்தமாகும்.