குவாண்டாஸ்: நெடுந்தொலைவு விமானத் தேர்வு

ஆஸ்திரேலியாவின் குவாண்டாஸ் நிறுவனம் நெடுந்தொலைவு விமானங்களை வாங்கும்போது, எத்தனை பேரை ஏற்றலாம் என்பதைவிட எவ்வளவு தூரம் பறக்கும் என்பதையே பெரும்பாலும் முதலில் பார்த்திருக்கிறது. சிட்னியிலிருந்து லண்டன் ஏறத்தாழ 17,000 கி.மீ.; அமெரிக்கா செல்லவோ பசிபிக்கைக் கடக்க வேண்டும்.

1943 முதல் 1945 வரை, பெர்த்துக்கும் இலங்கையில் காலிக்கு அருகிலுள்ள கொக்கல ஏரிக்கும் இடையே நிறுவனத்தின் கேட்டலினா பறக்கும் படகுகள் எங்கும் இறங்காமல் சென்றுவந்தன. பயணம் முப்பது மணி நேரத்தையும் தாண்டுவதுண்டு. வழியில் இருமுறை பொழுது விடியும். எரிபொருள் சுமை போக மூன்று பயணிகளுக்கே இடம் இருந்தது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் பிரிட்டிஷ் விமானங்களையே வாங்கவேண்டும் என்ற அழுத்தம் இருந்தும், ஹட்சன் ஃபிஷ் தலைமையிலான நிர்வாகம் அமெரிக்க லாக்ஹீட் கான்ஸ்டலேஷனைத் தேர்ந்தது; அதற்கான டாலர் செலவுக்கு ஆஸ்திரேலியப் பிரதமர் சிஃப்லியின் அரசு இசைந்தது. 1947-இல் லண்டன் சேவை அதில் தொடங்கியது.

ஜெட் காலத் தேர்வு தனித்தன்மை வாய்ந்தது. 1956-இல் நிறுவனம் கேட்டது போயிங் 707-138. வழக்கமான 707-120-ஐவிட இதன் உடல் ஏறத்தாழ 3 மீட்டர் குட்டை. பிஜியின் நாடியில் கிளம்பி ஹொனலுலுவைத் தொடுவதுதான் பசிபிக் வழித்தடத்தின் கடினமான கட்டம். உடல் எடையைக் குறைத்தால் அந்த எடைக்கு எரிபொருள் ஏற்றலாம். இது குவாண்டாஸுக்கென்றே வரையப்பட்டது என்று பரவலாக எழுதப்படுகிறது. போயிங் முன்பே வைத்திருந்த குட்டை வடிவத்தை நிறுவனம் எடுத்துக்கொண்டது என்ற கூற்றும் உண்டு. எப்படியிருந்தாலும், போயிங்கிடம் இந்த வடிவத்தை வாங்கிய ஒரே விமான நிறுவனம் இதுதான். 1959 ஜூலையில் சிட்னி–சான் பிரான்சிஸ்கோ ஜெட் சேவை தொடங்கியது. 1961 முதல் இவற்றில் விசிறி ஜெட் இயந்திரங்கள் மாட்டப்பட்டன. இவற்றுள் ஒன்றான ‘சிட்டி ஆஃப் கான்பரா’ இன்று லாங்ரீச் அருங்காட்சியகத்தில் நிற்கிறது.

1971-இல் போயிங் 747 வந்தது. 1979-இல் நிறுவனத்திடம் வேறு ரக விமானமே இல்லை. 1989 ஆகஸ்டில், அதே ‘சிட்டி ஆஃப் கான்பரா’ பெயர் தாங்கிய 747-400 லண்டனிலிருந்து சிட்னிக்கு 20 மணி 9 நிமிடம் இடைநில்லாமல் பறந்தது. தொட்டிகளில் அடர்த்தி கூடிய எரிபொருள் நிரப்பப்பட்டது; துளியும் வீணாகாதிருக்க, விமானத்தை ஓடுபாதை வரை இழுத்தே சென்றனர். கட்டணப் பயணிகள் யாரும் அதில் இல்லை.

போயிங் 777-ஐ குவாண்டாஸ் வாங்காதது ஏன் என்பதில் கருத்து வேறுபாடு நீடிக்கிறது. பெரும் பிழை என்பர் சிலர். ஏ380, ஏ330, 787 ஆகியவற்றின் மீது நிறுவனம் வைத்த நம்பிக்கையே காரணம் என்பர் வேறு சிலர்.

2017-இல், சிட்னியிலிருந்து லண்டனுக்கும் நியூயார்க்குக்கும் இடைநில்லாமல் செல்லும் விமானத்தைத் தருமாறு ஏர்பஸ்ஸுக்கும் போயிங்குக்கும் நிறுவனம் சவால் விட்டது. கேட்டலினா பயணங்களின் நினைவாக அத்திட்டத்துக்கு ‘சன்ரைஸ்’ (சூரிய உதயம்) என்று பெயர். 2019 டிசம்பரில் ஏர்பஸ்ஸின் ஏ350-1000 தேர்வானது. 2022 மே மாதம் 12 விமானங்களுக்கு ஒப்பந்தமானது. 20,000 லிட்டர் கூடுதல் எரிபொருள் தொட்டியுடன் வரும் இவற்றில் இருக்கைகள் 238 மட்டுமே. 2023 ஆகஸ்டில், ஏ330-களுக்கு மாற்றாக மேலும் 12 ஏ350-களுக்கும் 12 787-களுக்கும் நிறுவனம் ஆணை கொடுத்தது.