ஏலக் கூடமும் நாலு பெட்டிகளும்

போடிக்காரரிடம் 'ஏலம்' என்றால் எந்த ஏலம் என்று திருப்பிக் கேட்பார். செடியா, விலை கூறுவதா? நம்ம ஊரில் இரண்டும் ஒன்றுக்குள் ஒன்று. இன்று எழுதப் போவது இரண்டாவதைப் பற்றி. அதுவும் கொஞ்சம் சுற்றி வளைத்து, நான் பல வருஷம் மாரடித்த கம்ப்யூட்டர் பெட்டிகள் வழியாக. பொறுத்துக்கொள்ளுங்கள்.

முன்பு ஏலம் கூறுபவர் ஒருவர்தான். யார் கடைசியாகக் கேட்டார், எவ்வளவுக்குக் கேட்டார் என்பதற்கு அவர் வாய்தான் தீர்ப்பு. 2007-ல் ஸ்பைசஸ் போர்டு மின்னணு ஏலத்தைக் கொண்டுவந்தது. வியாபாரிகள் முன்னால் திரை வந்தது. லாட் நம்பர், எடை, விலை எல்லாம் அதில். ஆனாலும் கூடம் ஒன்று, கணக்கும் ஒன்று. 2021 தொடக்கத்தில்தான் பெரிய மாற்றம். மலைக்கு இந்தப் பக்கம் போடி, அந்தப் பக்கம் வண்டன்மேட்டை அடுத்த புற்றடி. இரண்டு கூடத்தில் இருப்பவர்களும் ஒரே நேரத்தில் ஒரே லாட்டுக்கு விலை கேட்கும்படி இணைத்தார்கள்.

அந்த லாட் ஒரு விவசாயியின் ஒரு பறிப்புக் காய். இங்கே ஒருவர் ஜெயித்ததாக ஒரு திரையும், அங்கே வேறொருவர் ஜெயித்ததாக இன்னொரு திரையும் காட்டினால் அவர் கதி என்ன? தூரத்தில் இருக்கும் இரண்டு பேரை ஒரே கணக்குக்குக் கொண்டுவருவது எப்படி? கம்ப்யூட்டர் உலகம் 40 வருஷத்துக்கு மேலாக மல்லுக்கட்டும் கேள்வி இது.

பெரிய அலுவலகங்களில் தகவலைச் சேமிக்க ஒரு பெட்டி போதாது. நாலைந்து பெட்டிகளை அடுக்கி, வெளியே இருந்து பார்த்தால் ஒரே பெட்டி மாதிரி வேலை செய்ய வைப்பார்கள். இதற்குப் பெயர் கிளஸ்டர். புதுப் பெட்டியை முதல் முறை ஆன் செய்ததும் அது வரிசையாகக் கேள்வி கேட்கும். கூட்டத்துக்கு என்ன பெயர்? உங்களுக்குள் பேச என்ன முகவரி? பெயர் சொன்னால் முகவரி சொல்லும் சர்வர் எது? மணி எங்கே பார்ப்பது? புதுக் கூட்டம் தொடங்குவதா, இருப்பதில் சேருவதா? என் அனுபவத்தில் பாதிக்கு மேல் சிக்கல் இந்த முதல் நாளில்தான். பெட்டி ரிப்பேர் என்பது அபூர்வம். நாம் சொன்ன பதில்தான் தப்பாக இருக்கும்.

கடைசிக் கேள்வியில் அவசரப்பட்டு இரண்டு பெட்டியிலும் 'புதுசு' என்று அமுக்கிவிட்டால் இரண்டும் தனித்தனிக் கூட்டம் ஆகிவிடும். ஒன்றை ஒன்று ஏறெடுத்தும் பார்க்காது. ஏற்கெனவே வேறு இடத்தில் சோதனைக்கு வைத்திருந்த பெட்டி என்றால் பழைய கூட்டத்தின் அடையாளம் உள்ளே இருக்கும். அதை முழுசாகத் துடைக்காமல் சேராது.

இந்தக் கூட்டு முறையை முதலில் ஊரறியச் செய்தவர்களில் டிஜிட்டல் எக்யூப்மென்ட் கார்ப்பரேஷன் என்ற அமெரிக்கக் கம்பெனி முக்கியம். 1983-ல் வாக்ஸ்கிளஸ்டர் என்று அறிவித்தார்கள். அவர்கள் கண்ட பெரிய ஆபத்து, நடுவில் ஒயர் அறுந்தால் இரு பக்கமும் 'நான்தான் மிச்சம்' என்று நினைத்துக்கொண்டு ஒரே தகவலில் ஆளுக்கு ஒன்றாக எழுதிவிடுவது. மருந்து நமக்குப் பழக்கமானதுதான்: கூட்டுறவுச் சங்கக் கூட்டத்தில் 'கோரம்' இருக்கிறதா என்று பார்ப்போமே, அதேதான். ஒவ்வொரு மெஷினுக்கும் ஓட்டு. பாதிக்கு மேல் ஓட்டு இருக்கும் பக்கம் வேலை செய்யலாம். மற்றது கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டும். இரண்டே மெஷின் என்றால் ஆளுக்கு ஒரு ஓட்டு, பாதிக்கு மேல் யாருக்கும் வராது. அதனால் மூன்றாவது ஓட்டாக ஒரு டிஸ்கையே வைத்தார்கள். இன்றும் இரண்டு பெட்டி வாங்குபவரிடம் 'மூன்றாவதாக ஒரு சாட்சி வேண்டும்' என்றால் செலவுக்கு வழி சொல்கிறான் என்றுதான் பார்ப்பார்கள்.

மணி விஷயமும் அப்படியே. எந்த நிகழ்ச்சி முதலில் நடந்தது என்று தூரத்து மெஷின்கள் எப்படி ஒத்துக்கொள்வது என லெஸ்லி லாம்போர்ட் 1978-லேயே எழுதினார். நெட்வொர்க் வழியாகக் கடிகாரங்களைச் சரிசெய்யும் முறையை டேவிட் மில்ஸ் 1985-ல் வெளியிட்டார். உள்ளே இருக்கும் சின்ன பேட்டரி செத்துப்போன பெட்டி ஏதோ பழைய வருஷத்தைக் காட்டிக்கொண்டிருக்கும். மற்ற பெட்டி நீட்டும் அடையாளச் சான்றிதழைப் பார்த்து 'இது இன்னும் அமலுக்கே வரவில்லையே' என்று தள்ளிவிடும்.

நம்ம மாநிலத்திலும் பெயர் சொல்லும்படி ஒன்று உண்டு. சென்னை கணித அறிவியல் நிறுவனத்தில் 144 மெஷின்களைக் கோத்து 'கப்ரு' என்று இமயச் சிகரத்தின் பெயர் வைத்தார்கள். 2004 ஜூனில் உலகின் முதல் 500 கம்ப்யூட்டர்கள் பட்டியலில் அதுவும் இருந்தது. அது சேமிக்க அல்ல, கணக்குப் போட. ஆனால் 144 பேரைச் சேர்த்து வைத்தவர்களின் பாடு எனக்குப் புரியும். நான் நாலு பேரோடு பட்டவன்.

மதுரையில் ஒரு அலுவலகம். சனிக்கிழமை இரவு. திங்கள் காலை பழைய பெட்டியை நிறுத்திவிட்டுப் புதுசில் ஓட வேண்டும். மூன்று பெட்டி சேர்ந்துவிட்டது. நாலாவது பாதி வரை வந்து அப்படியே நின்றது. ஒயரை மாற்றினேன். பெட்டியைத் துடைத்து முதலிலிருந்து தொடங்கினேன், இரண்டு தடவை. மணி, பெயர், முகவரி எல்லாம் சரி. ஒன்றை ஒன்று கூப்பிட்டால் பதிலும் வருகிறது. பிறகு ஏன்?

விடிகாலை டீ குடிக்க வெளியே போனபோதுதான் நம்ம ரயில் ஞாபகம் வந்தது. மதுரை மெயின் லைன் அகலப் பாதையான பிறகும் போடி லைன் 2010 கடைசி வரை மீட்டர் கேஜ்தானே. 1,676 மில்லிமீட்டர் பாதையில் வரும் வண்டி 1,000 மில்லிமீட்டரில் எப்படி ஏறும்? ஆள் இறங்கி மாறலாம், வண்டி மாற முடியாது. (நம்ம லைனில் அகல ரயில் ஓட 2023 ஜூன் 15 வரை காத்திருந்தோம் என்பது தனிக் கதை.)

திரும்பிப் போய், சின்னச் சின்னப் பொட்டலத்துக்குப் பதிலாகப் பெரிய பொட்டலம் ஒன்று அனுப்பிப் பார்த்தேன். வழியில் உடைக்கக் கூடாது என்ற கட்டளையோடு. போகவில்லை. பெட்டிகள் 9,000 பைட் பொட்டலத்தில் பேசப் பழக்கப்பட்டவை. சாதாரண நெட்வொர்க்குக்கு அளவு 1,500. நடுவில் இருந்த சுவிட்சில் மூன்று போர்ட்டை யாரோ பெரிய அளவுக்கு மாற்றி, நாலாவதை மறந்திருந்தார்கள். சும்மா கூப்பிடும் சத்தம் சின்னப் பொட்டலம், அது போய்விடும். சேரும்போது அனுப்பும் மூட்டைதான் பெரிசு. அந்த ஒரு போர்ட்டை மாற்றியதும் நாலாவது பெட்டி ஒன்பது நிமிஷத்தில் சேர்ந்தது. யாரோ என்றேனே, சுவிட்ச் வேலையும் அன்று என் பொறுப்புதான்.

புற்றடியும் போடியும் ஒரே விலையில் பேசுகிற செய்தி வந்தபோது, காய் விலையைப் பார்ப்பதற்கு முன் நான் வீட்டில் கேட்ட கேள்வி, 'லைன் போனால் எந்தக் கூடம் தொடரும்?' என்பது. மனைவி என்னை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டு, கடைக்குப் போய் நூறு கிராம் ஏலக்காய் வாங்கி வரச் சொன்னாள்.